மலைக்கும் காமிராவுக்கும் இடையே

"சார், கண்ணுக்கு அவ்வளவு கம்பீரமாகத் தெரிந்த மலை, படத்தில் மட்டும் ஏன் இப்படிச் சப்பென்று வந்திருக்கிறது?"

கோடை விடுமுறை முடிந்து வந்த மாணவர் ஒருவர், தம் செல்பேசியை என்னிடம் நீட்டிக் கேட்ட கேள்வி இது. சின்னமனூருக்கு அருகே சாலையோரம் நின்று மேகமலையைப் படம் பிடித்திருந்தார். படத்தின் பெரும்பகுதி வெளுத்த வானம். அடியில் சாம்பல் நீலத்தில் ஒரு மெல்லிய கோடு, அதுதான் மலை! எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். மே மாதம், பகல் ஒரு மணி என்றார். "நல்ல காமிரா ஒன்று வாங்க வேண்டும் போலிருக்கிறது" என்று வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார்.

புதுக் காமிரா தேவையில்லை. அவர் படத்தில் இருந்த குறைகள் மூன்றுக்கும் காரணம் இயற்பியலில் இருக்கிறது. மலை ஏன் வெளிறிப் போயிற்று? ஏன் தட்டையாகத் தெரிகிறது? ஏன் சிறுத்துவிட்டது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், தேனி மாவட்டத்தில் எங்கே, எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போய் நின்றால் நல்ல படம் கிடைக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு சுவர்களும் ஒரு நடைபாதையும்

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். தேனி மாவட்ட வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு மூலையில் குமுளிக்குக் கீழே லோயர் கேம்ப். அங்கிருந்து வடகிழக்காகக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி என்று ஊர்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. இந்த வரிசையை ஒட்டித்தான் முல்லைப் பெரியாறு ஓடுகிறது. கேரளத்துப் பக்கம் பாய வேண்டிய பெரியாற்று நீரை, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் திருப்பியவர் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். அவர் கட்டிய அணை 1895-ல் திறக்கப்பட்டது.

ஆற்றின் வடமேற்கே ஏலமலைத் தொடர். அதன் உச்சியை ஒட்டியே கேரள எல்லை செல்கிறது. தென்கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். ஆக, கம்பம் பள்ளத்தாக்கு என்பது இரண்டு உயர்ந்த சுவர்களுக்கு நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்லும் நீண்ட நடைபாதை. இந்த ஒரு செய்தியை மறக்காதீர்கள். இனிச் சொல்லப்போகும் கணக்குகளில் பெரும்பாலானவை இதையே சார்ந்திருக்கின்றன.

மலை ஏன் வெளிறிப் போகிறது?

நீங்கள் மலையைப் படம் பிடிக்கும்போது, உங்களுக்கும் மலைக்கும் இடையே பல கிலோமீட்டர் கனமுள்ள காற்றும் சேர்ந்தே படமாகிறது. காற்று நிறமற்றது என்று படித்திருக்கிறோம். ஒரு குவளைக் காற்றுக்கு அது சரி. பத்துக் கிலோமீட்டர் காற்றுக்குச் சரியாகாது.

காற்றிலுள்ள மூலக்கூறுகள் சூரிய ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. எந்த அளவு சிதறும் என்பதை 1871-ல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். சிதறல், அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது அவர் கண்ட விதி. நீல ஒளியின் அலைநீளம் 450 நானோமீட்டர், சிவப்பு ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்று கொள்வோம். இரண்டின் விகிதம் ஏறத்தாழ 1.44. அதன் நான்காம் படி 4.3. அதாவது, நீலம் சிவப்பைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. மலைக்கு முன்னால் நிற்கும் காற்றிலிருந்து இந்த நீல ஒளி நம் கண்ணுக்கு வந்துகொண்டே இருக்கிறது. மலையின் உண்மையான பச்சை மீது ஒரு நீல வலைத்துணியைப் போர்த்தியது போல் ஆகிவிடுகிறது. தொலைவு கூடக்கூட வலையின் கனமும் கூடும்.

காற்றில் வெறும் மூலக்கூறுகள் மட்டும் இருந்தால் இந்த வலை மெல்லியதாகவே இருக்கும். தூசி, புகை, நீர்த்திவலை ஆகியவையும் கலந்திருப்பதுதான் தொல்லை. இத்துகள்கள் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கின்றன. ஆகவே இவை எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிக்கும். எல்லா நிறமும் சேர்ந்தால் வெள்ளை அல்லவா? நீல வலை இப்போது வெண்ணிறத் திரையாக மாறிவிடுகிறது. மே மாதப் பகலில் நம் மாணவர் படத்தை வெளுக்கச் செய்தது இந்தத் திரைதான்.

திரையின் வலிமைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு நாள் காற்றின் நிலை, 10 கிலோமீட்டரில் மலைக்கும் வானத்துக்கும் உள்ள ஒளி வேறுபாட்டைப் பாதியாக்கிவிடுகிறது என்று கொள்வோம். அப்படியானால் 20 கிலோமீட்டரில் மிஞ்சுவது கால் பங்கு. 30 கிலோமீட்டரில் அரைக்கால் பங்கு. கதிரியக்கத்தில் அரை ஆயுட்காலம் படித்திருப்பீர்களே, அதே கணக்குதான். அங்கே காலம், இங்கே தொலைவு.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடங்கள் மூன்று. ஒன்று, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் படமெடுங்கள். மழைத்துளிகள் தூசியை அடித்துக்கொண்டு தரைக்கு வந்துவிடுவதால் திரை மெலிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து இடைவெளி நாள்கள் இதற்கு ஏற்றவை. இரண்டு, மலைக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குங்கள். மூன்று, தொலைவிலுள்ள முகடுகள்தான் வேண்டும் என்றால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, அதில் சிவப்பு வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். பல செல்பேசிச் செயலிகளில் இந்த வசதி உண்டு. மூலக்கூறுகளால் குறைவாகச் சிதறும் சிவப்பு ஒளியைக் கொண்டே மலையைப் பார்ப்பதால் நீல வலை பெருமளவு நீங்கிவிடும். பிலிம் காலத்து ஒளிப்படக்காரர்கள் லென்ஸின் முன் சிவப்புக் கண்ணாடி மாட்டியது இதற்காகத்தான்.

ஆனால் இந்த நீலத்தை எப்போதும் பகையாக எண்ண வேண்டாம். போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நின்று கீழ்வானம் நோக்கிப் பாருங்கள். அருகிலுள்ள குன்று கரும்பச்சை, அடுத்தது நீலப்பச்சை, அதற்கடுத்தது நீலம், கடைசியில் இருப்பது வானத்தோடு கரைந்த ஓர் ஊதா. எது அருகில், எது தொலைவில் என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. ஓவியர் லியோனார்டோ டாவின்சி ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

மலை ஏன் தட்டையாகத் தெரிகிறது?

ஒரு சொரசொரப்பான சுவரை இருட்டறையில் டார்ச்சு விளக்கால் பாருங்கள். விளக்கை நேராகப் பிடித்தால் சுவர் வழவழப்பாகத் தோன்றும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு மேடும் தன் நிழலை நீட்டும். சொரசொரப்பு முழுவதும் தெரியும். மலையும் அப்படித்தான். முகடும் மடிப்பும் ஓடையும் நமக்குத் தெரிவது நிழலால்தான்.

தேனியின் அட்சரேகை ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு. ஆகவே ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 16-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 27-ஐ ஒட்டியும், சூரியன் நண்பகலில் சரியாகத் தலைக்கு மேல் நிற்கிறது. நட்டு வைத்த குச்சிக்கு அப்போது நிழலே இராது. இந்த நண்பகல் கடிகாரத்தில் 12 மணிக்கு வராது, ஏறத்தாழ 12.20-க்கு வரும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தேனி அதற்கு 5 டிகிரி மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 20 நிமிடம் தாமதம். ஏப்ரல், மே மாதங்களில் பகல் 11 முதல் 2 மணி வரை எடுக்கும் மலைப் படங்கள் தட்டையாக இருப்பதில் வியப்பில்லை. அந்த நேரத்தில் காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டு மரத்தடியில் சாப்பிட உட்காருவது நல்லது!

இப்போது நம் இரண்டு சுவர்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காலைச் சூரியன் மேகமலைப் பக்கத்திலிருந்து எழுகிறது. அதன் ஒளி எதிரே உள்ள மேற்குச் சுவர் மீது விழுகிறது. ஆகவே காலையில் போடி, கம்பம், கூடலூர் பகுதியிலிருந்து மேற்கு மலைகளை எடுங்கள். மாலையில் ஒளி மேகமலைச் சரிவின் மீது விழும். அப்போது சின்னமனூர், உத்தமபாளையம் வயல்வெளிகளிலிருந்து மேகமலையை எடுங்கள். காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு. இந்தப் பள்ளத்தாக்கின் முதல் விதி இது.

மாதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இன்னும் துல்லியம் கிடைக்கும். டிசம்பரில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி தெற்கே விலகி உதிக்கிறது. மேற்கிலிருந்தும் அதே அளவு தெற்கே விலகி மறைகிறது. ஆகவே டிசம்பர் காலையில் மேற்குச் சுவர் மீது ஒளி கிட்டத்தட்ட நேராகவே விழும். நிறம் நன்றாகத் தெரியும், நிழல் குறைவு. டிசம்பர் மாலையில் சூரியன் பள்ளத்தாக்கின் தென்மேற்கு வாசலை நோக்கி இறங்குவதால், மேகமலைச் சரிவின் மீது ஒளி பக்கவாட்டில் வருடிச் செல்லும். நாம் சுவர் மீது சாய்த்துப் பிடித்த டார்ச்சு விளக்கு இதுதான். ஒவ்வொரு மடிப்பும் செதுக்கியது போல் தெரியும்.

மாலைப் படத்துக்கு நாள்காட்டியில் போட்டிருக்கும் சூரியன் மறையும் நேரத்தை நம்பிப் போனால் ஏமாந்துபோவீர்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் மேற்குச் சுவர் 1,000 மீட்டர் உயர்ந்து நிற்கிறது என்று கொள்வோம். அதன் உச்சியின் ஏற்றக் கோணத்தின் டேன்ஜெண்ட் 1,000/5,000, அதாவது 0.2. கோணம் ஏறத்தாழ 11 டிகிரி. சூரியன் 4 நிமிடத்தில் 1 டிகிரி நகர்கிறது. நம் ஊரில் அது ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்குவதால், உண்மையான மறைவுக்கு முக்கால் மணி நேரம் முன்பே உங்கள் இடம் நிழலுக்குள் போய்விடும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் ஓர் அழகான காட்சி நடக்கிறது. மேற்கு மலையின் நிழல் வயல்களைக் கடந்து கிழக்கே ஊர்ந்து செல்லும். சூரியன் 5 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, 1,000 மீட்டர் மலையின் நிழல் 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும். நீங்கள் நிழலில் நிற்பீர்கள். எதிரே மேகமலையின் மேற்பாதி மட்டும் பொன்னாக எரியும். அடிவானத்தை ஒட்டிய சூரியனின் ஒளி, தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பதைப் போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் முழுவதும் சிதறிப்போக, மிஞ்சிய செம்மஞ்சளே மலைக்கு வந்து சேர்கிறது. படத்தைக் கெடுத்த அதே காற்றுதான் இப்போது வண்ணம் பூசுகிறது!

மலை ஏன் சிறுத்துப் போகிறது?

கையை முழுவதும் நீட்டி, விரல்களை மடக்கி முட்டியாகப் பிடியுங்கள். முட்டியின் அகலம் உங்கள் கண்ணில் ஏறத்தாழ 10 டிகிரி கோணத்தை அடைக்கும். 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள 1,000 மீட்டர் மலை அடைப்பதோ 7 டிகிரிதான்! மலை ஒரு முட்டிக்குள் அடங்கிவிடுகிறது. அதைப் பெரிதாக உணர்வது நம் மனம். செல்பேசியைக் கிடையாகப் பிடித்தால், அதன் முதன்மை லென்ஸ் மேலிருந்து கீழாக ஏறத்தாழ 50 டிகிரியைப் பார்க்கிறது. ஐம்பதில் ஏழு என்றால் படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. காமிரா பொய் சொல்லவில்லை.

இதற்குப் பரிகாரம் என்ன? கண்ணுக்குப் பழக்கமான ஒரு பொருளை மலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். 15 மீட்டர் தென்னை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் தொலைவில் நின்று பார்த்தால் அது ஏறத்தாழ 27 டிகிரியை அடைத்து மலையை விழுங்கிவிடும். 120 மீட்டருக்குப் பின்வாங்கினால் 7 டிகிரி. மலையும் தென்னையும் சம உயரம். 240 மீட்டருக்குப் போனால் தென்னை மூன்றரை டிகிரிக்குக் குறுகிவிடும். மலையோ எட்டுக் கிலோமீட்டர் அப்பால் இருப்பதால் அதன் கோணம் மாறவே இல்லை. இப்போது ஜூம் செய்து இரண்டையும் எடுங்கள். தென்னையைப் போல் இரண்டு பங்கு உயரமாக மலை எழுந்து நிற்கும். நெருங்கிப் போவதால் மலை பெரிதாகும் என்று நினைத்தோம். முன்னால் இருக்கும் பொருளை விட்டு விலகிப் போவதாலும் பெரிதாக்கலாம் என்பது வியப்பாக இல்லையா?

எங்கே, எப்போது?

இனி நாம் கற்றதைக் கொண்டு சில இடங்களுக்குப் போய் வருவோம்.

கம்பம் பள்ளத்தாக்கு வயல்கள்: பெரியாறு அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். நடவுக்கு முன் வயல்கள் எல்லாம் கண்ணாடியாகக் கிடக்கும். நின்றபடி பார்த்தால் நீரில் வானம்தான் தெரியும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பதால், மலையின் பிம்பம் வேண்டுமென்றால் காமிராவை நீர்மட்டத்துக்கு அருகே கொண்டுபோக வேண்டும். வரப்பில் குந்தி, செல்பேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் கீழே வந்துவிடும். காற்று எழாத அதிகாலையே இதற்கு நேரம்.

மேற்குச் சுவரின் மேக அருவி: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துப் பக்கம் மலையேறி, குளிர்ந்து, மேகமாகி, மழையாகக் கொட்டுகிறது. இடுக்கி மாவட்டத்தின் ஆண்டு மழை தேனியைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். முகட்டைத் தாண்டிய மேகம் நம் பக்கம் அருவி போல் வழியத் தொடங்கும். ஆனால் பாதிச் சரிவுக்குள் மாயமாக மறைந்துவிடும். கீழிறங்கும் காற்று அழுத்தம் கூடிச் சூடாகிறது. மேகத்துளிகள் முதலில் ஆவியாகின்றன. ஈரத்துளிகள் தீர்ந்த பிறகு, ஒவ்வொரு 1,000 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் வீதம் காற்று சூடாகும். மேகம் எந்த உயரத்தில் மறைகிறது என்பதைக் காட்டும் வகையில் அடுத்தடுத்துப் பத்துப் படங்கள் எடுத்துப் பாருங்கள். புத்தகத்தில் படித்த மழை மறைவுப் பிரதேசத்தைக் கண்ணாலேயே காணலாம்.

கொழுக்குமலை: போடி வட்டத்தில் 2,000 மீட்டருக்கு மேல் அமைந்த தேயிலைத் தோட்டம். கேரளத்திலுள்ள சூரியநெல்லி வழியே ஜீப்பில் போகிறார்கள். மார்கழி, தை மாதத்துத் தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. வழக்கத்துக்கு மாறாகக் கீழே குளிர்ச்சி, மேலே வெப்பம். அடியில் தேங்கிய ஈரம் மூடுபனியாகிறது. மேலே நின்று பார்த்தால் வெண்ணிறக் கடலில் மலை முகடுகள் தீவுகளாக மிதக்கும். தடையில்லாத கீழ்வானம் கிடைத்தால், இவ்வளவு உயரத்தில் சூரியன் சமவெளியைவிட 5 நிமிடத்துக்கு மேல் முந்தியே உதிக்கும். ஆகவே சற்று முன்னதாகவே தயாராக இருங்கள்.

மேகமலை: சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தேயிலைத் தோட்டங்களும் நீர்த்தேக்கங்களும் வரும். ஏறும்போதே காற்றின் திரை மெலிவதைக் கவனியுங்கள். தூசியில் பெரும்பகுதி தாழ்வான காற்றடுக்கில்தான் இருக்கிறது.

திராட்சைத் தோட்டங்கள்: கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு பந்தலுக்கு அடியில் நின்று மேல்நோக்கி எடுங்கள். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையை விடுவதால், ஒளி ஊடுருவும் இலைகள் விளக்கேற்றியது போல் மின்னும். நண்பகலில் எடுக்கத் தகுந்த ஒரே படம் இதுதான் போலும்!

சுருளி, கும்பக்கரை அருவிகள்: 5 மீட்டர் விழுந்த நீரின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர். ஒளிபடும் நேரம் 1/1000 நொடி என்றால் துளி 1 சென்டிமீட்டர்தான் நகரும். முத்து முத்தாக உறைந்து நிற்கும். அரை நொடி என்றால் 5 மீட்டர் நகரும். பட்டுத்துணி போல் வழியும். இரண்டாவதற்குச் செல்பேசியை அசையாமல் பாறை மீது சாய்த்து வைத்து, நிழலான நேரத்தில் எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்புறம் தாழ்வாக இருந்தால் சாரலில் வானவில்லையும் தேடுங்கள். உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து 42 டிகிரி தள்ளி அது தோன்றும்.

ராமனின் கண்ணாடி

1921-ல் சர் சி. வி. ராமன் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய்த் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. கடல் வெறுமனே வானத்தைப் பிரதிபலிக்கிறது என்றார்கள். ராமன் ஒரு நிகல் பட்டகத்தின் வழியே, மேற்பரப்பில் எதிரொளிக்கும் ஒளியை அணைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் நீலம் மறையவில்லை! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டார். நோபல் பரிசு வரை சென்ற பாதையில் அது ஒரு முக்கியமான படி.

நிகல் பட்டகம் செய்த வேலையை இன்று ஒரு போலராய்டு கண்ணாடி செய்துவிடும். போலராய்டு குளிர்க்கண்ணாடி வீட்டில் இருந்தால், அதைச் செல்பேசி லென்ஸின் முன் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். வானத்து ஒளி, சூரியனுக்கு 90 டிகிரி விலகிய திசையில் மிக அதிகமாகத் தளவிளைவுற்றிருக்கும். டிசம்பர் காலையில் கம்பத்தில் நின்று கணக்கிடுங்கள். சூரியன் தென்கிழக்கை ஒட்டி; அதற்கு 90 டிகிரியில் இருப்பது பள்ளத்தாக்கின் நீளவாட்டுத் திசை! தேனியை நோக்கியோ குமுளியை நோக்கியோ கண்ணாடியைச் சுழற்றினால், ஒரு நிலையில் நீலத்திரை விலகித் தொலை மலைகள் துலங்குவதைக் காண்பீர்கள். இலைகளின் மேலுள்ள வெண்மினுக்கமும் குறைந்து பச்சை ஆழமாகும்.

வேறொரு சிறு குறிப்பு. வானம் பிரகாசம், தரை இருட்டு. இரண்டுக்கும் நடுவே காமிரா தடுமாறும். திரையில் வானத்தின் மீது விரலை வைத்து அளவைச் சற்றுக் குறைத்து எடுங்கள். இருண்ட தரையைப் பிறகு ஓரளவு மீட்கலாம். அடியோடு வெளுத்துப்போன வானத்தில் மீட்பதற்கு ஒன்றுமே இராது.

படத்தைவிட உயிர் பெரிது

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைப்பகுதியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதிலும் நாம் அறிய வேண்டிய இயற்பியல் இருக்கிறது. தீயின் வெப்பக்காற்று மேலே எழுந்து, சரிவின் மேற்பகுதியில் உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. அதனால் தீ சமதரையைக் காட்டிலும் மேட்டை நோக்கி மிக விரைவாக ஓடும். மாசி, பங்குனி மாதங்களில் காய்ந்த புல் மண்டிய சரிவுகளுக்குள் போகாதீர்கள். வனத்துறையின் அனுமதியில்லாமல் காட்டுப்பாதையில் இறங்கவே கூடாது. மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. நல்ல கோணம் கிடைக்குமென்று சாலையை விட்டு விலகினால், அது யானையின் வழியாக இருக்கக்கூடும். அருவியில் வானம் தெளிவாக இருந்தாலும், மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வரலாம். காவலர் விசில் அடித்தால் உடனே கரையேறுங்கள். தொலைநோக்கி லென்ஸ் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு மாடியிலிருந்தோ பள்ளி வளாகத்திலிருந்தோ மலை தெரிகிறதா? அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, தொலைவில் ஒன்று என மூன்று முகடுகளைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் தொலைவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில், அதே திசையில் ஒரு படம் எடுங்கள். எந்த முகடு தெரிகிறது, எது மறைந்தது, முந்திய நாள் மழையா, காற்று எந்தப் பக்கம் என்பதை நோட்டில் எழுதுங்கள். ஓராண்டு முடிவில் உங்கள் ஊர்க்காற்றின் சரித்திரம் உங்கள் கையில் இருக்கும். 1888-ல் ஃபின்ஸ்டர்வால்டர் என்ற அறிஞர் ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை ஒரே இடத்திலிருந்து மறுபடி மறுபடி படமெடுக்கத் தொடங்கினார். இப்படிச் சேர்ந்த படங்களே பனியாறுகள் சுருங்குவதற்குச் சான்றுகளாயின. உங்கள் நோட்டும் நாளை யாருக்காவது சான்றாகலாம்.

என்னிடம் கேள்வி கேட்ட மாணவர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை பெய்து விட்டது. மறுநாள் மாலை நான்கரை மணிக்கு அதே சாலையோரத்தில், அதே செல்பேசியோடு போய் நின்றார். இந்த முறை ஒரு தென்னையை விட்டு நன்றாகப் பின்வாங்கியிருக்கிறார். அவர் கொண்டுவந்த படத்தில் மேகமலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. முதல் படத்தையும் அருகே வைத்துக் காட்டி, "சார், பின்னால் இன்னொரு மலை இருப்பதே எனக்கு இத்தனை நாள் தெரியாது" என்றார்.

உங்கள் ஊரில் அப்படி எத்தனை மலைகள் காற்றுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன? அடுத்த மழை ஓய்ந்ததும் மாடிக்குப் போய் எண்ணிப் பாருங்கள்.